சட்டத்தைத் தமிழில் தந்த முன்சீப்

நுழையும்முன்

சட்டம் எல்லாருக்கும் பொது. ஆயினும், அது எழுதப்பட்ட மொழியை அறியாத ஒருவருக்கு அந்தப் பொதுமை எவ்வாறு பயன்படும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்து உழவரும் வணிகரும் கைம்பெண்களும் தங்கள் நிலத்துக்காகவும் வாழ்வுரிமைக்காகவும் நீதிமன்றத்தின் படியேறினர். அவர்களுடைய வழக்கை முடிவு செய்த விதிகளும் முன்தீர்ப்புகளும் அவர்கள் அறியாத ஆங்கிலத்தில் இருந்தன. அந்த இடைவெளியைத் தம் எழுதுகோலால் குறைக்க முயன்றவர் மாயூரம் வேதநாயகர். தமிழின் முதல் புதின ஆசிரியராக நாம் அறிந்த அவருடைய வாழ்வின் மற்றொரு பக்கத்தை இப்பாடம் காட்டுகிறது.

குளத்தூரும் கல்வியும்

வேதநாயகர் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர் இளமையிலேயே தமிழ் இலக்கியங்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டார். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய தியாகராச பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார்.

இந்த ஆசிரியர் வாய்த்தது ஒரு நற்பேறு. தமிழை ஒரு புலவரிடமும் ஆங்கிலத்தை ஒரு பாதிரியாரிடமும் தனித்தனியே கற்பதே அந்நாளில் பலருக்கு இயல்பாக இருந்தது. வேதநாயகரோ இரு மொழிகளையும் ஒரே ஆசிரியரிடம் கற்றார். அந்த ஆசிரியரும் நாள்தோறும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பொருளைக் கொண்டு செல்வதையே தொழிலாகக் கொண்டவர். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஒரு குடும்பத்தின் நிலமே கைமாறக்கூடும் என்ற உண்மையை மாணவர் இளமையிலேயே உணர்ந்திருக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் நுழைதல்

1848ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்ட நீதிமன்றத்தில் வேதநாயகர் பத்திரக் காப்பாளராகப் பணியில் சேர்ந்தார். 1850இல் அதே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார்.

அக்கால நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரின் பணி பெரிது. மாவட்ட நீதிபதி ஆங்கிலேயர்; வாதியும் பிரதிவாதியும் சாட்சிகளும் தமிழர். ஊர்க்கணக்கர் எழுதிய ஓலை, பாகப்பிரிவினைப் பத்திரம், அடமானச் சீட்டு, தத்து எடுத்ததற்கான சான்று ஆகிய யாவும் தமிழில் இருந்தன. அவை ஆங்கிலத்தில் மாற்றப்பட்ட பின்னரே நீதிபதியின் கண்ணுக்கு எட்டின. தீர்ப்போ ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதனால் தாம் வென்றதையோ தோற்றதையோ மட்டுமே வழக்காடியவர் அறிந்தார். எந்தக் காரணத்தால் வென்றோம், எந்த விதியால் தோற்றோம் என்பதை அவர் அறிய வழியில்லை. நீதிமன்றத்தில் புழங்கிய தமிழிலும் தாவா, வாய்தா, ஜப்தி, ஜாமீன், ஆஜர் எனப் பாரசீக, அரபுச் சொற்கள் மலிந்திருந்தன. எளிய மக்களுக்கு அந்தத் தமிழே அயல்மொழி போல் ஒலித்தது.

இந்த நிலையை வேதநாயகர் பல ஆண்டுகள் அருகிலிருந்து கண்டார். பின்னாளில் அவர் மேற்கொண்ட அரும்பணிக்கு இந்த அனுபவமே அடித்தளமாயிற்று.

முன்சீப் பதவி

முன்சீப் பதவிக்கான தேர்வில் வெற்றி பெற்ற வேதநாயகர், 1857ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப்பாகப் பொறுப்பேற்றார். டேனியர்களின் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடி 1845இல் ஆங்கிலேயரிடம் விற்கப்பட்டிருந்தது. ஆட்சி மாறி ஆண்டுகள் பல ஆகாத ஊரில் நீதி வழங்குவது எளிய செயலன்று. பின்னர்ச் சீர்காழியிலும் அதன்பின் மாயூரத்திலும் அவர் பணியாற்றினார். இன்று மயிலாடுதுறை என வழங்கும் அந்த ஊரில் அவர் நெடுங்காலம் நீதிபதியாக வீற்றிருந்ததால், மாயூரம் என்னும் ஊர்ப்பெயர் அவருடைய பெயரோடு பிரிக்க இயலாதபடி இணைந்தது.

மாவட்ட முன்சீப் நீதிமன்றம் உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு. மக்கள் முதலில் நாடி வரும் நீதிமன்றமும் அதுவே. காவிரிப் பாசன நாட்டில் நிலமே செல்வம். ஆகவே நிலத்தைப் பற்றிய வழக்குகள் பெரும்பாலும் குடும்ப வழக்குகளாகவே அமைந்தன. அண்ணன் தம்பியர் பாகம் பிரிப்பது, மகனில்லாதவர் தத்து எடுப்பது, கணவனை இழந்த பெண் சீவனாம்சம் கோருவது, சீதனப் பொருள் யாரைச் சேரும் என்று முடிவு செய்வது எனப் பலவகை வழக்குகள் அந்நாளில் நீதிமன்றங்களை நிறைத்தன.

கையூட்டு வாங்காத நேர்மையாளர் என வேதநாயகர் புகழ் பெற்றார். 1859இல் அவர் வெளியிட்ட நீதிநூல், அறநெறிகளை எளிய செய்யுட்களில் எடுத்துரைக்கிறது. பிறர்க்கு அறம் கூறுவதற்கு முன் தாம் அதன்படி வாழ வேண்டும் என்ற உறுதி அவரிடம் இருந்தது. அவருடைய நடுவுநிலைமையை அக்காலப் புலவர்கள் பெரிதும் போற்றினர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு குளத்துக்கோவை என்னும் நூலை இயற்றினார்.

மலையில் தொடங்கிய சட்டப்பணி

வேதநாயகரின் சட்டப்பணியின் அருமையை உணர, அக்காலச் சட்டங்கள் உருவான வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். அந்த வரலாற்றின் ஒரு தொடக்கம் தமிழகத்தின் நீலகிரி மலையில் நிகழ்ந்தது. வேதநாயகர் ஏழு வயதுச் சிறுவராக இருந்த 1834ஆம் ஆண்டில், இந்தியத் தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங் உடல்நலம் கருதி உதகமண்டலத்தில் தங்கியிருந்தார். அவருடைய ஆட்சிக்குழுவின் சட்ட உறுப்பினராக நியமிக்கப்பட்ட மெக்காலே, இங்கிலாந்திலிருந்து சென்னையில் கரையிறங்கி, பெங்களூர், மைசூர் வழியாக மலையேறி உதகையில் அவரைச் சந்தித்தார். குளிரும் மழையும் மிகுந்த அந்த மலையில் சில மாதங்கள் தங்கிய பின்னரே அவர் கல்கத்தாவுக்குச் சென்றார்.

மெக்காலேயின் தலைமையில் 1835இல் சட்ட ஆணையம் அமைந்தது. அது உருவாக்கிய தண்டனைச் சட்டத்தின் வரைவு 1837இல் அரசிடம் அளிக்கப்பட்டது. நெடுங்காலம் ஆய்வில் கிடந்த அந்த வரைவு 1860இல் சட்டமாகி, 1862ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் சென்னையில் பழைய உச்ச நீதிமன்றமும் சதர் அதாலத்து நீதிமன்றமும் ஒன்றாக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் தோன்றியது.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். குற்றங்களுக்கான தண்டனை நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாகத் தொகுக்கப்பட்டது. ஆனால் திருமணம், தத்து, வாரிசுரிமை, பாகப்பிரிவினை ஆகிய குடும்பச் செய்திகள் அவ்வாறு தொகுக்கப்படவில்லை. அவை அவரவர் சமயநூலுக்கும் வழக்கத்துக்கும் விடப்பட்டன. இந்துக்களின் வழக்குகளில் வடமொழி அறநூல்களின் பொருளை உரைக்கப் பண்டிதர்கள் நீதிமன்றங்களில் அமர்த்தப்பட்டனர். 1864இல் அந்த முறையும் நீக்கப்பட்டது. இதனால், மேல் நீதிமன்றங்கள் முன்னர் வழங்கிய தீர்ப்புகளே குடும்ப வழக்குகளுக்கு முதன்மையான வழிகாட்டியாயின.

ஒரு தீர்ப்பு எத்தனை குடும்பங்களைத் தொடும் என்பதற்கு இராமநாதபுரம் வழக்கு நல்ல சான்றாகும். கணவர் முன்னரே அனுமதி தராத நிலையில், கைம்பெண் ஒருவர் கணவரின் உறவினர் இசைவோடு தத்து எடுக்கலாமா என்பது அவ்வழக்கின் வினா. மதுரையில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக இலண்டன் பிரிவி கவுன்சில் வரை அது சென்றது. 1868இல், தென்னாட்டில் அவ்வாறு தத்து எடுப்பது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஐயமறத் தெளிவாக்கப்பட்ட வழக்கம், நூலில் எழுதப்பட்ட விதியை விட வலிமை உடையது என்ற கொள்கையும் அத்தீர்ப்பில் நிலைபெற்றது. தமிழ்நாட்டுப் பெண்களின் வாழ்வைத் தொட்ட இந்தத் தீர்ப்பு, அவர்களுள் எவரும் படிக்க இயலாத மொழியில் எழுதப்பட்டது.

சித்தாந்த சங்கிரகம்

வழக்கறிஞர்களுக்கு உதவும் ஆங்கில நூல்கள் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியாக விளங்கிய தாமசு இசுடிரேஞ்சு இந்துச் சட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். பின்னர் 1878இல், சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கிய சான் டாசன் மெயின், இந்துச் சட்டமும் வழக்கமும் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அது பல பதிப்புகள் கண்டு, வழக்கறிஞர்களின் கையேடாக நெடுங்காலம் விளங்கியது. இவை யாவும் ஆங்கிலம் அறிந்தோருக்கே பயன்பட்டன.

வேதநாயகர் வேறு திசையில் சிந்தித்தார். சதர் நீதிமன்றம் 1805ஆம் ஆண்டு முதல் 1861ஆம் ஆண்டு வரை வழங்கிய தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழில் மொழிபெயர்த்தார். அந்தத் தொகுப்பை 1862இல் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் வெளியிட்டார். முடிந்த முடிபுகளின் சுருக்கத் திரட்டு என்பது அப்பெயரின் பொருள். அதனைத் தொடர்ந்து அடுத்த ஆண்டுகளின் தீர்ப்புகளையும் தமிழில் தந்தார். நீதிமன்றத் தீர்ப்புகளை முதன்முதலில் தமிழாக்கியவர் என அவர் போற்றப்படுவது இதனாலேயே.

உதகையில் கால்கொண்ட முயற்சியின் பயனாகத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், சென்னையில் உயர் நீதிமன்றம் எழுந்ததும், ஒரு தமிழ் முன்சீப் அரை நூற்றாண்டுத் தீர்ப்புகளைத் தாய்மொழியில் அச்சேற்றியதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. முதல் இரண்டும் அரசின் ஆற்றலால் நடந்தவை. மூன்றாவது, பகல் முழுதும் வழக்குக் கேட்ட ஒருவரின் தனிமனித உழைப்பால் நடந்தது.

தீர்ப்பை மொழிபெயர்ப்பது கதையை மொழிபெயர்ப்பது போன்றதன்று. சட்டச் சொல் ஒவ்வொன்றுக்கும் வரையறுத்த பொருள் உண்டு. சொல் எளிமையாக இருக்க வேண்டும். அதே வேளையில் பொருள் சிறிதும் விரியவோ சுருங்கவோ கூடாது. நாளைக்கு ஒருவர் அந்தச் சொல்லை நம்பித் தம் நிலத்தை விற்கவோ வழக்குத் தொடுக்கவோ கூடும். இத்தகைய பணிக்குப் புலவரின் சொல்வளமும் நீதிபதியின் பட்டறிவும் ஒருங்கே வேண்டும். வேதநாயகரிடம் அவ்விரண்டும் இருந்தன.

இந்நூலால் விளையக்கூடிய நன்மை பெரிது. ஆங்கிலம் அறியாத வழக்கறிஞர் முன்தீர்ப்பை மேற்கோள் காட்ட இயலும். ஊர்ப் பெரியவர் பாகப்பிரிவினை பேசும்போது சட்டத்தின் போக்கை அறிந்து பேச இயலும். வழக்குத் தொடுக்கலாமா, சமாதானம் செய்து கொள்ளலாமா என்று ஒரு குடும்பமே எண்ணிப் பார்க்க இயலும். தோற்கும் வழக்குக்காகச் செலவழித்து வறுமையுற்ற குடும்பங்கள் மலிந்திருந்த காலத்தில், சட்ட அறிவு ஒரு பாதுகாப்பாகும்.

பெண்களின் உரிமை

நீதிமன்றத்துக்கு வந்த பெண்களின் நிலை வேதநாயகரின் உள்ளத்தைத் தொட்டிருக்க வேண்டும். கையொப்பமிட அறியாத ஒருவரின் பெயரில் எழுதப்பட்ட பத்திரத்தில் எதுவும் இருக்கலாம். கல்லாமையே அவர்களைப் பிறர் கையில் ஒப்படைத்தது. பெண்மதி மாலை என்னும் செய்யுள் நூலையும், பெண்கல்வி, பெண்மானம் என்னும் உரைநடை நூல்களையும் வேதநாயகர் எழுதினார். மாயூரத்தில் பெண்கள் கற்பதற்குப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார்.

பெண்கள் கற்றால் குடும்பம் கெடும் என்று பலர் கூறிய காலம் அது. வேதநாயகர் அந்த எதிர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, நீதிமன்றத்தில் வாதங்களை எடைபோடுவது போலவே ஆராய்ந்து மறுத்தார். அவர் வேண்டிய கல்வி பெரும்பாலும் இல்லறத்தைச் சார்ந்தே அமைந்திருந்தது. பெண்கள் பதவி வகிப்பதை அந்த உரைநடை நூல்கள் முன்னிறுத்தவில்லை. அந்த எல்லையைப் பின்னர் அவரே தம் கற்பனையில் கடந்தார்.

பதவியைத் துறந்த பின்

1872இல் வேதநாயகர் முன்சீப் பதவியிலிருந்து விலகினார். அதன்பின் மாயூரம் நகராட்சியின் தலைவராக இருந்து மக்களுக்குத் தொண்டாற்றினார். 1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. உழவர்கள் நிலத்தையும் மாட்டையும் விற்றுப் பிழைப்பு தேடி அலைந்தனர். வேதநாயகர் தம் பொருளை வாரி வழங்கி, பசித்தோருக்கு உணவளித்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், அவருடைய கொடைத்திறத்தை வியந்து ஒரு கீர்த்தனை பாடினார்.

அப்பஞ்ச காலத்திலேயே, 1878இல், சர்வ சமய சமரசக் கீர்த்தனை என்னும் இசைநூல் வெளிவந்தது. தம் சமயத்தில் உறுதியுடைய அவர், எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகளை இயற்றினார். பல சமயத்தாரின் வழக்குகளை ஒரே தராசில் நிறுத்திய நீதிபதியின் உள்ளம் அந்நூலிலும் வெளிப்படுகிறது.

கதைக்குள் ஒரு நீதிமன்றம்

1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம், தமிழின் முதல் புதினமாகும். தமிழில் செய்யுள் நூல்கள் பல இருக்க, உரைநடை நூல்கள் அருகியிருப்பது கண்டு அக்குறையை நீக்கவே அதனை எழுதினார். இப்புதினத்தின் தலைவி ஞானாம்பாள் கல்வியும் அறிவும் நிறைந்தவள். சூழ்நிலையால் ஆண் வேடம் பூண்டு செல்லும் அவள் விக்கிரமபுரியின் அரசாகிறாள். வழக்குகளை விசாரித்துச் சீரிய தீர்ப்புகள் வழங்குகிறாள்.

அவற்றுள் ஒன்று இலக்கியச் சுவையும் சட்ட நுட்பமும் கலந்தது. செருப்புத் தைத்துத் தருபவரிடம், வேலை முடிந்ததும் அவரை மகிழ்விப்பதாகப் பிரதாபன் வாக்களிக்கிறான். எவ்வளவு பணம் கொடுத்தாலும் தமக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை என்று அவர் வழக்காடுகிறார், பிரதாபன் சிறைப்படுகிறான். அரச கோலத்தில் இருக்கும் ஞானாம்பாள், புதிய அரசர் முடிசூடியதில் மகிழ்ச்சிதானா என்று அவரிடம் வினவுகிறாள். மகிழ்ச்சியில்லை என்று அவர் அரசர் முன் எவ்வாறு கூறுவார்? மகிழ்ச்சி உண்டானதால் வாக்கு நிறைவேறிவிட்டது என்று வழக்கு முடிகிறது. சொல்லைப் பிடித்துக்கொண்டு வழக்காடுவோரைச் சொல்லாலேயே வெல்லும் திறம், பல்லாண்டு வழக்குக் கேட்டவருக்கே கைகூடும்.

நீதிமன்ற மொழியைப் பற்றிய கருத்தையும் இப்புதினத்தில் வேதநாயகர் வலியுறுத்தினார். நீதிபதியும் தமிழர், வழக்கறிஞரும் தமிழர், வழக்காடுவோரும் தமிழர் என்றிருக்கும்போது வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடப்பது முறையன்று என்பது அவர் கருத்து. ஆங்கிலம் கற்பதை அவர் எதிர்க்கவில்லை. அம்மொழியில் புலமை பெற்றே அவர் உயர்ந்தார். மக்கள் தம் வழக்கில் பேசப்படுவதைத் தாமே கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவருடைய வேண்டுகோள். சித்தாந்த சங்கிரகத்தில் செயலாக விளங்கிய எண்ணம், புதினத்தில் கொள்கையாக மலர்ந்தது.

1887இல் சுகுண சுந்தரி என்னும் இரண்டாவது புதினத்தை வெளியிட்ட வேதநாயகர், 1889ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் இயற்கை எய்தினார்.

விதைத்தவரும் விளைவும்

வேதநாயகர் மறைந்து நூறாண்டு நிறைந்த 1989இல், இந்துக் குடும்பங்களில் பெண்மக்களுக்கும் ஆண்மக்களைப் போலவே பரம்பரைச் சொத்தில் சமபங்கு உண்டு எனத் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அவ்வுரிமை 2005இல் இந்திய நாடு முழுவதற்கும் விரிந்தது. 1956இல் தமிழ், மாநிலத்தின் ஆட்சிமொழியாயிற்று. பின்னர்க் கீழமை நீதிமன்றங்களிலும் தமிழ் இடம்பெற்றது. மெக்காலே தங்கிய உதகமண்டலத்தின் நீதிமன்றத்திலும் இன்று ஒருவர் தமிழில் சாட்சியம் அளிக்க இயலும்.

எனினும் பணி முற்றுப்பெறவில்லை. மேல் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் இன்றும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அவற்றைப் பிழையின்றி, எளிய தமிழில் மக்களுக்கு எடுத்துரைக்க, சட்டமும் தமிழும் ஒருங்கே கற்ற இளைஞர்கள் வேண்டும். பகலில் நீதிபதியாகவும் இரவில் எழுத்தாளராகவும் உழைத்த மாயூரத்து முன்சீப் தொடங்கிய அப்பணி, அத்தகைய இளைஞர்களின் வருகைக்காகக் காத்திருக்கிறது.